‘சத்து’ என்ற சொல்லும் புகைப்பவரின் நுரையீரலும்

தமிழில் ‘சத்து’ என்ற சொல் கெட்ட பொருளில் வழங்குவதில்லை. ‘கொழுப்பு’ என்ற சொல்லோ நல்ல பொருளில் வழங்குவது அரிது. ஒருவரைத் திட்ட வேண்டுமானால் ‘கொழுப்பு கூடிப்போயிற்று’ என்பது வழக்கு. ‘சத்து கூடிப்போயிற்று’ என்று எவரும் எவரையும் திட்டுவதில்லை. வைட்டமினுக்குப் பாடநூல்கள் தந்த பெயர் உயிர்ச்சத்து. 1912இல் காசிமிர் ஃபங்க் உருவாக்கிய மூலச்சொல்லிலேயே உயிர் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்ததால் தமிழாக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் சொற்களுக்குள் உறைந்து கிடக்கும் இத்தகைய தீர்ப்புகள் அகராதியோடு நின்றுவிடுவதில்லை. மருந்துக்கடை வரை அவை வருகின்றன. அங்கே வாங்குபவரின் சார்பில் முடிவும் எடுத்துவிடுகின்றன.

பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலோ மான்யதா தொழில்நுட்பப் பூங்காவின் வாயிலிலோ மாலை நான்கு மணிக்கு நிற்பவருக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர் கூட்டம். ஒரு கையில் தேநீர், மறுகையில் சிகரெட். பக்கத்து பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பஃப்ஸும் கேக்கும். சிகரெட்டைத் தனித்தனியாக விற்பதைக் கர்நாடக அரசு 2017இலேயே தடை செய்துவிட்டது என்பதை அந்தக் கடைகளில் எவரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. சில அடி தள்ளி ஒரு மருந்துக்கடை. ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று அட்டையில் எழுதிய கேப்சூல்கள் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் என்று பின்புறத்தில் சிற்றெழுத்துப் பட்டியல் ஓடும். புகைப்பழக்கத்தை விட இயலாதவர், விடும்வரை உடம்புக்கு ஏதேனும் ஈடு செய்வோம் என்று அதை வாங்குகிறார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்கும் வழக்கமாவது சில கடைகளில் உண்டு. புகைப்பீர்களா என்று கேட்கும் வழக்கம் இல்லை. மருத்துவ ஆராய்ச்சியோ அந்த ஒரு கேள்வியை முப்பது ஆண்டுகளாகக் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த நம்பிக்கை மூடநம்பிக்கையாகப் பிறந்ததன்று. சிகரெட் புகையின் ஒவ்வோர் இழுப்பிலும் எண்ணற்ற தனியுறுப்புகள் நுரையீரலுக்குள் செல்கின்றன. அவை உயிரணுக்களின் கொழுப்புச் சவ்வையும் மரபுப்பொருளையும் சிதைக்கின்றன. காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுதியாக உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்று குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருந்தன. 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் முதலியோர் ‘நேச்சர்’ இதழில் இதை ஒரு கேள்வியாகவே முன்வைத்தனர்: உணவிலுள்ள பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் குறைக்குமா? புகைக்கும் புற்றுக்கும் உள்ள உறவை நிறுவியவர்களில் டால் முதன்மையானவர். ஆகவே இது வணிகரின் கேள்வி அன்று, அறிஞரின் கேள்வி. அதற்கு விடை காண வேண்டிய முறையிலேயே விடை கண்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் சிறப்பு.

பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 1985 முதல் 1993 வரை நடந்தது அந்தச் சோதனை. 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்கள், அனைவரும் புகைப்பவர்கள், சராசரியாக நாளொன்றுக்கு 20 சிகரெட், 36 ஆண்டுகளாக. குலுக்கல் முறையில் அவர்களை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும், இன்னொன்றுக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈயும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் நாள்தோறும் கொடுத்தனர். எவருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் சென்றபின் கணக்குப் பார்த்தபோது, 876 பேருக்கு நுரையீரல் புற்று வந்திருந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களில் 474 பேர். உண்ணாதவர்களில் 402 பேர். 18 விழுக்காடு மிகுதி. மொத்த இறப்பும் 8 விழுக்காடு மிகுதி. வைட்டமின் ஈ நுரையீரலுக்குப் பயன் எதையும் தரவில்லை. 1994 ஏப்ரலில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ இம்முடிவு வெளிவந்தபோது ஆய்வாளர்களே நம்பத் தயங்கினர். தற்செயலாக இருக்கலாம் என்று எழுதியவர்களும் உண்டு.

தற்செயல் என்ற ஐயத்தை அமெரிக்கா தீர்த்துவைத்தது. ‘கேரட்’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட சோதனை அங்கே நடந்துகொண்டிருந்தது. பெயரை வைத்தவர்களுக்கு அதன் முரண் அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,314 பேர். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 அலகு வைட்டமின் ஏயும் சேர்ந்த மாத்திரை. 1996 ஜனவரியில், முடிய வேண்டிய நாளுக்கு 21 மாதங்கள் முன்பே, சோதனையை நிறுத்தினார்கள். மாத்திரை உண்ட பிரிவில் நுரையீரல் புற்று 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் மிகுந்திருந்தன. தடுக்கவென்று கொடுத்த மருந்து நோயைக் கூட்டியதால் நிறுத்தப்பட்ட சோதனை அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டினைப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டோ உண்ணாமலோ இருந்த சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் அவர்களில் அப்போது புகைத்தவர்கள் 11 விழுக்காட்டினரே. குறைந்த அளவில் தீங்கு இல்லை என்று வாதிடுவோர் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்குக் கீழே கவலைப்பட வேண்டியதில்லை என்றே 2012இல் கருத்துரைத்தது. பின்லாந்தின் மாத்திரைப் பயனாளிகளிடம் கண்ட மிகையும் மாத்திரையை நிறுத்திய சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டாலும் ஒரு கணக்கு எஞ்சி நிற்கிறது: தீங்கு ஐயத்துக்குரியது என்று ஒருவர் நிறுவலாம், நன்மை உண்டு என்று எவரும் நிறுவவில்லை. நன்மையற்ற ஒன்றுக்காகச் சிறிய ஐயத்தை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு விடை ‘எதிர்’ என்ற முன்னொட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரி என்று பெயரிட்டவுடன் ஆக்சிஜனேற்றம் பகையாகவும் மாத்திரை படைவீரனாகவும் மாறிவிடுகின்றன. உடம்பில் அப்படி நிலையான கட்சிகள் இல்லை. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் ஆக்சிஜனேற்றத்தையே ஆயுதமாக்குகின்றன; கெட்டுப்போன உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும் அது வேண்டும். பீட்டா கரோட்டினே ஆக்சிஜன் அழுத்தம் மிகுந்த இடத்தில் கட்சி மாறி ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டக்கூடியது என்று பர்ட்டனும் இங்கோல்டும் 1984இலேயே காட்டியிருந்தனர். உடம்பில் அந்த அழுத்தம் மிகுந்த உறுப்பு நுரையீரல். மனிதரைப் போலவே பீட்டா கரோட்டினைச் சிதைக்காமல் உறிஞ்சும் ஃபெரெட் என்னும் சிறு விலங்குக்குப் புகையையும் மிகையளவு பீட்டா கரோட்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது அதன் நுரையீரல் திசு புற்றுக்கு முந்தைய நிலைக்கு மாறியதை பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். 2014இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வுக்குழு இன்னும் கடுமையான ஒன்றைச் சொன்னது: முளைவிட்ட புற்றுடைய எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தால் புற்று விரைந்து வளர்கிறது. ஆக்சிஜனேற்ற நெருக்கடியிலிருந்து மீட்கப்படும் உயிரணுக்களில் புற்றணுவும் ஒன்று. பத்தாண்டுகளாகப் புகைத்த நுரையீரலில் எந்த உயிரணு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்பதற்கில்லை. ஆனால் இங்கே மனிதரின் கணக்கு முதலில் வந்தது, எலி பின்னால் வந்து விளக்கம் மட்டுமே சொன்னது.

இந்தியாவில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அதனாலேயே இங்கே குழப்பமும் மிகுதி. ஆந்திரத்தின் கடலோர மாவட்டங்களில், பெரும்பாலும் பெண்கள், சுட்டா எனப்படும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. (ஆங்கிலத்தின் ‘செரூட்’ தமிழ்ச் சுருட்டிலிருந்து போன சொல். புகையிலை தென்னாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. அதைச் சுருட்டிய பெயர் இங்கிருந்து வெளியே போனது.) அண்ணத்தில் தோன்றும் புற்றுக்கு முந்தைய புண்கள் அவர்களிடம் மிகுதி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கமலா கிருஷ்ணசாமியும் குழுவினரும் வைட்டமின் ஏ, ரிபோஃபிளேவின், துத்தநாகம், செலினியம் ஆகிய நான்கையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். 1995இல் வெளிவந்த முடிவின்படி, சத்து பெற்றவர்களில் 57 விழுக்காட்டினருக்குப் புண் முற்றிலும் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கே மறைந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கேரள மீனவச் சமூகத்தில் வாய்ப்புண் உடைய 160 பேரிடம் நடத்திய சோதனையும் அதே திசையில் சென்றது: வைட்டமின் ஏ உண்டவர்களில் 52 விழுக்காடு, பீட்டா கரோட்டின் உண்டவர்களில் 33 விழுக்காடு, வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 விழுக்காடு எனப் புண்கள் மறைந்தன.

இந்த எண்களைக் காட்டி, பின்லாந்துக்காரனுக்கு ஆகாதது இந்தியனுக்கு ஆகும் என்று வாதிடுவது எளிது. இரண்டு செய்திகள் அந்த வாதத்தைத் தடுக்கின்றன. முதலாவது, திருவனந்தபுரத்துச் சோதனையில் மாத்திரையை நிறுத்தியபின் நடந்தது. பீட்டா கரோட்டினால் குணமடைந்தவர்களில் பாதிப் பேருக்கும் வைட்டமின் ஏயால் குணமடைந்தவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கும் புண் திரும்பி வந்தது. இரண்டாவது, ஆந்திரத்துச் சிற்றூர் மக்களின் உணவில் அந்தச் சத்துகளே போதாமல் இருந்தன என்பது. சீனாவின் லின்சியன் மாவட்டத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேரிடம் நடந்து 1993இல் வெளிவந்த சோதனையிலும் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்ந்து மொத்த இறப்பை 9 விழுக்காடு குறைத்தன. அதுவும் சத்துக்குறைபாடு ஊறிய நிலப்பகுதி. ‘சப்ளிமெண்ட்’ என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு நிரப்புதல் என்று பொருள். பள்ளம் இருக்கும் இடத்தில் நிரப்பலாம். பின்லாந்தின் ஆண்களுக்குப் பள்ளம் இல்லை. அவர்கள் மீது கொட்டியது குவிந்தது. அவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஒயிட்ஃபீல்டில் மாதச் சம்பளம் வாங்கி, நாளுக்கு இருமுறை அலுவலக உணவகத்தில் உண்பவரின் உடல் எந்தக் கணக்கில் சேரும் என்பதை அவரேதான் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

உண்மையில் குறைபாடே கூட இன்று மறுகணக்குக்கு உள்ளாகிறது. பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினரும் இந்தியக் குழந்தைகளின் வைட்டமின் ஏ அளவை ஆராய்ந்து, எல்லோருக்கும் ஒரே மிகையளவு என்ற பழைய திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செறிவூட்டிய உணவும் மாத்திரையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது சில இடங்களில் மிகை வரக்கூடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. வறுமையின் நாட்டில் ‘மிகை’ என்ற சொல்லை உச்சரிக்கத் துணிவு வேண்டும். இந்நகரத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று துணிந்தது.

இனிக் கொழுப்பு. அகராதி இதன்மீது சுமத்திய பழியில் பாதி நியாயம். 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவைச் சேர்ந்த பத்து நெடுங்கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 14 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவைப் பார்த்தது. செறிவுற்ற கொழுப்பை மிக அதிகம் உண்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட நுரையீரல் புற்று 14 விழுக்காடு மிகுதி. புகைப்பவர்களை மட்டும் எடுத்தால் 23 விழுக்காடு. அந்தக் கொழுப்பின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் செறிவுறாக் கொழுப்பை உண்டவர்களுக்குச் சில வகை நுரையீரல் புற்றுகள் குறைவு. ஆக, கெட்டது கொழுப்பு அன்று, கொழுப்பில் ஒரு வகை. கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் குடலில் உறிஞ்சப்படுவதற்குச் சிறிதளவு எண்ணெய் வேண்டும் என்பதையும் நினைத்தால், முருங்கைக்கீரையைத் தாளித்து இறக்கும் பாட்டிமார்கள் கொழுப்புக்கு அகராதியைவிட நல்ல மரியாதை கொடுத்தவர்கள்.

ஆனால் இந்த 23 விழுக்காட்டையும் அளவோடு படிக்க வேண்டும். இது கவனித்து எழுதிய கணக்கு, குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அன்று. அதிகம் புகைப்பவர் உணவிலும் கவனக்குறைவாக இருப்பது இயல்பு. எவ்வளவு சீர்செய்தாலும் அந்த நிழல் எண்ணில் சற்று விழும். காய்கனி உண்பவர்களைப் பார்த்துப் பீட்டா கரோட்டினை நம்பியதும் இதே வகை ஆய்வுகளால்தான் என்பதை மறக்கலாகாது. மேலும், புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு நுரையீரல் புற்று 15 முதல் 30 மடங்கு மிகுதி. கால்பங்குக் கூடுதலும் பதினைந்து மடங்கும் ஒரே தராசில் ஏறும் எடைகள் அல்ல. நெய்யைக் குறைத்துச் சிகரெட்டை வைத்துக்கொள்பவர் ஓட்டைப் படகின் பாய்க்குத் தையல் போடுகிறார். கொழுப்பு அவருக்கு முதன்மையாக இதயத்தின் பொருட்டே முக்கியம்: புகையால் ஏற்கெனவே புண்பட்ட இரத்தக்குழாய்க்குள் பேக்கரி வனஸ்பதி செய்யும் வேலை சிறியதன்று. ஊடுகொழுப்பை 2 விழுக்காட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தேநீர்க்கடை பஃப்ஸ் வரை அது எட்ட வேண்டும்.

கேப்சூலின் ஆகப்பெரிய தீங்கு வேதியியலில் இல்லாமலும் இருக்கலாம். தைவானில் வென்-பின் சியோவும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட சோதனை சிறியதுதான். ஆனால் பெரிய ஆய்வுகள் பார்க்காத ஒன்றை அது பார்த்தது. புகைப்பவர்கள் அனைவருக்கும் வெற்று மாத்திரையையே கொடுத்து, பாதிப் பேரிடம் மட்டும் அது வைட்டமின் என்று சொன்னார்கள். வைட்டமின் உண்டதாக நம்பியவர்கள் அடுத்த சிறிது நேரத்தில் மற்றவர்களைவிட அதிகம் புகைத்தார்கள். மாத்திரையில் ஒன்றுமே இல்லை. சொல் மட்டும் இருந்தது. ‘சத்து’ என்ற சொல் ஓர் அனுமதிச் சீட்டாக வேலை செய்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று மொழியியல் ஆய்வுக்கூடத்திலும் கிடைப்பது அரிது.

அந்த அனுமதிச் சீட்டின் விலை இந்திய எண்களில் தெரியும். பிரபாத் ஜாவும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிகரெட் புகைக்கும் இந்திய ஆண் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளையும் பீடி புகைப்பவர் ஆறு ஆண்டையும் இழக்கிறார். ‘நாளுக்கு நான்கைந்துதான்’ என்ற ஆறுதலும் அங்கே நிற்கவில்லை. நாளொன்றுக்கு ஏழுக்குள் சிகரெட் புகைப்பவருக்கே இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. இழப்பை மீட்கும் வழியும் கணக்கிடப்பட்டதே: பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த டால், பீட்டோ ஆய்வில், முப்பது வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்து ஆண்டையும் திரும்பப் பெற்றனர், ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டைப் பெற்றனர். இவ்வளவு ஆயுளைத் திருப்பித் தந்ததாக எந்தக் கேப்சூலுக்கும் சான்று இல்லை.

புகைப்பவருக்கு உண்மையிலேயே கூடுதலாக வேண்டிய சத்து ஒன்று உண்டு: வைட்டமின் சி. அமெரிக்கப் பரிந்துரை அவருக்கு நாளுக்கு 35 மில்லிகிராம் கூட்டிச் சொல்கிறது. அது ஒரு கொய்யாப்பழத்தின் சிறு துண்டு. கே.ஆர். மார்க்கெட்டில் அதற்கு விளம்பரம் கிடையாது.

பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவை, பீட்டா கரோட்டின் மாத்திரை புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று வாய்ப்பைக் கூட்டும் என்பதைப் பொதுமக்களுக்கான பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல், புகைப்பவர் என்றில்லாமல் எவரும் புற்றையோ இதயநோயையோ தடுக்கப் பீட்டா கரோட்டின் உண்ண வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. கண்நோய்க்கான மாத்திரைக் கலவையிலிருந்து அதே காரணத்தால் பீட்டா கரோட்டினை நீக்கி லூட்டீனைச் சேர்த்து 2013இல் வெற்றி கண்டார்கள்; ஆகவே ‘மாற்று இல்லை’ என்று உற்பத்தியாளர் சொல்லவும் இடமில்லை. இந்தியாவில் சிகரெட் பெட்டியின் இரு பெரிய பக்கங்களிலும் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. புகையிலை வாங்கும் வயதை 21ஆக உயர்த்தக் கர்நாடகச் சட்டமன்றம் 2024இல் திருத்தம் நிறைவேற்றியது. சிகரெட்டை இவ்வளவு கண்காணிக்கும் அரசு, சிகரெட்டுக்குத் துணைநிற்கும் கேப்சூலின் அட்டையில் ஒரே ஒரு வரியைக் கட்டாயமாக்குவது பெரிய வேலை அன்று: ‘புகைப்பவர்களும் புகைப்பழக்கத்தை விட்டவர்களும் இதை உட்கொள்ள வேண்டாம்.’ பெங்களூரில் அது கன்னடத்தில், பெயருக்கு நிகரான எழுத்தளவில், முன்பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வரிக்குக் கீழே இடம் மிஞ்சினால், சிகரெட் பெட்டியில் ஏற்கெனவே அச்சாகும் புகைவிடு உதவி எண்ணையும் சேர்க்கலாம். அந்த எண்ணில் தென்மாநில அழைப்புகளை ஏற்பது இதே நகரத்தின் நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான்.